உடம்பு பழகுது

காலை ஐந்தே முக்காலுக்கு ழான் எழுந்து உட்கார்ந்தபோது அவருடைய தலையணை உறை ஈரமாக இருந்தது. வெளியே ஐப்பசி மழை. ஃபேன் போடாமலே குளிருகிற காலை. இந்தக் குளிரில் ஒரு மனிதனுக்குத் தலையணை நனைகிற அளவுக்கு வியர்க்குமா என்று மத்லேன் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சமையலறைக் கதவின் பின்பக்கம் ஒட்டியிருந்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

"ஒண்ணுமில்லங்க. உடம்பு பழகுது" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் ழான்.

அவர் கேட்கவில்லைதான். பதினேழு நாளாக அவர் எதையுமே கேட்கவில்லை. மீன் குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிற மனிதர் அவர். நாற்பது வருஷம் அந்தத் தட்டைத் திரும்ப எடுத்து வைத்த மத்லேனுக்கு, கேள்வி கேட்காத புருஷனைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது.

கடிதம் வந்த கதையைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. ழான் பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். காரைக்காலில் அவரைப் போன்றவர்களை 'சொல்தா' என்பார்கள். ஒரே மகள் இனேஸ் பாரிஸ் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில், சர்க்கரை நோயாளிகளுக்கான சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூட வேலை பார்த்த வேற்றுநாட்டுப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை போன் மணி அடித்தால் ழான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போன மாதம் அவருக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து இருந்தது. டாக்டர் தெட்சிணாமூர்த்தி மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்து, "இதுக்கும் கேக்கலன்னா ஊசிதான்" என்றார். ழானின் அண்ணன் ஃபிரான்க்குக்கு முதலில் ஊசி வந்தது, பிறகு கால் விரல் போனது, பிறகு முழங்கால் வரைக்கும் போனது, அப்புறம் ஃபிரான்க்கே போய்விட்டார். அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த மத்லேன் மகளிடம் போனில் அழுதாள். மகள் கடிதம் எழுதினாள். "இனேஸ் எழுதியிருக்கா, இப்படித்தான் சாப்புடணுமாம்" என்று மத்லேன் பயந்து பயந்து சொன்னபோது, ழான் ஜன்னலைப் பார்த்தபடி, "சரி. அவ சொன்ன மாதிரியே செய்யி" என்றார்.

ஒன்பது வருஷத்தில் மகளுக்கு அவர் சொன்ன முதல் 'சரி' அது. போன வாரம் நாம் மத்லேனை விட்டுவிட்டு வந்த இடமும் அதுதான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசிப் பானையை மூடி அலமாரியின் மேல் தட்டில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை ழான் கையில் வாங்கவில்லை. வாங்கினால் மகளையே ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. இனேஸ் ஐந்தாம் வகுப்பு வரைதான் இங்கே தமிழ் படித்தாள். அதனால் கடிதம் கோணல்மாணலான தமிழில், நடுநடுவே பிரெஞ்சு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் போட்டு எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் ஒரு பட்டியல்.

'சோறு: கொம்ப்ளே. ரொட்டி: கொம்ப்ளே. சீனி: வேண்டாம். கீரை, காய், பயறு: நிறைய. மீன்: பொரிக்காமல்.'

மத்லேனுக்குப் பிரெஞ்சு அதிகம் வராது. கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் பிரான்ஸில், துலோன் நகரத்தில் ராணுவக் குடியிருப்பில் இருந்தபோது கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாப்பிலும் பொறுக்கிக்கொண்ட வார்த்தைகள்தான். அதில் கொம்ப்ளே அவளுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. குளிரில் இனேஸை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். பஸ் வரும். அதன் நெற்றியில் அந்த வார்த்தை போட்டிருந்தால் பஸ் நிற்காது. இடமில்லை, முடிந்தது, இனி யாருக்கும் கிடையாது என்று அர்த்தம்.

ஆகவே சோறு கொம்ப்ளே. ரொட்டி கொம்ப்ளே. இட்லியும் தோசையும் அரிசிதானே, அதுவும் கொம்ப்ளே. காலையில் முளைக்கட்டிய பயறும் வெள்ளரிக்காயும். மத்தியானம் கீரையும், கருக்களாச்சேரியிலிருந்து வருகிற மீன்காரியிடம் வாங்கிய மீனில் இரண்டு துண்டும். இரவில் காய் வேகவைத்த தண்ணீர், அதில் கொஞ்சம் காய்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இனேஸ் எழுதியிருந்தாள்: 'முதல்ல ரெண்டு மூணு வாரம் வயிறு ஊதும், தலை வலிக்கும், களைப்பா இருக்கும். பயந்து நிறுத்திடாதீங்கம்மா. உடம்பு பழகுது, அவ்வளவுதான்.'

அவள் எழுதியபடியே நடந்தது. மூன்றாம் நாள் ழானின் வயிறு ஊதிக்கொண்டு சத்தம் போட்டது. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், சாமியார் அமைதியாக நின்ற இடத்தில், அவர் வயிறு மட்டும் பேசியது. முன் பெஞ்சில் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஐந்தாம் நாள் தலைவலி. ஏழாம் நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் எரிச்சல். பத்தாம் நாள் பேப்பரில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது என்று கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டாம் நாள் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் இந்த வியர்வை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கை நடுக்கம்.

"இனேஸ்கிட்ட சொல்லட்டுமா?" என்று மத்லேன் ஒரு தடவை கேட்டாள்.

"சொல்லாத. அப்பனால முடியலன்னு நெனைப்பா" என்றார்.

அவ்வளவுதான். மகளோடு பேச அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் எழுதியதைச் சாப்பிட்டார், அது கொடுத்த கஷ்டத்தை வாய் திறக்காமல் தாங்கினார். இது மத்லேனுக்கும் புரிந்திருந்தது. அதனால்தான் அவள் அந்தப் பட்டியலை வேதவாக்காக வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் சோற்றை அவருக்குக் கொடுத்துவிட்டால் அப்பாவும் மகளும் மறுபடி பழைய இடத்துக்கே போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று செவ்வாய்க்கிழமை. சொல்தாக்களின் சங்கக் கட்டடத்துக்குப் புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து அதிகாரி வருகிற நாள். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ழான் மாத்திரைகளை விழுங்கினார். பயறில் நாலு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் சாப்புடுங்க."

"போதும். அங்க போய் வயிறு சத்தம் போட்டா மானம் போயிடும்."

சட்டைப் பொத்தானைப் போட அவர் விரல்கள் தடுமாறின. மத்லேன் போட்டுவிட்டாள். பழைய கோட்டுக்குள் அவர் தோள் சிறுத்துப்போய், கோட்டு தனியாகத் தொங்கியது. இளைத்திருக்கிறார், சர்க்கரை குறைந்திருக்கும், ஃபிரான்க் மச்சான் மாதிரி ஆகாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்.

காஜா மைதீனின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

* * *

சங்கக் கட்டடத்தில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். கைத்தடிகள், ஈரக் குடைகள், இருமல். கடற்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. ழானுக்கு இருபத்து மூன்றாவது நம்பர்.

பதினொன்றரைக்கு அவர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "மழை உள்ள வருதா?" என்று கேட்டார்.

"இல்லையேங்க."

"அப்புறம் ஏன் நனையுது?"

பேச்சு கொஞ்சம் குழறியது. மத்லேன் கவனித்தாள். கவனித்துவிட்டு, களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் பக்கத்தில் களைப்பு இருந்தது.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நடந்தார். நடை ஒரு பக்கமாக இழுத்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி. தமிழ்ப் பிள்ளைதான். மரியாதையாகப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லித் தாளை நீட்டினார். இன்னார் இன்றைய தேதியில் உயிரோடு என் முன் வந்து நின்றார் என்பதுதான் அதில் உள்ள விஷயம். கீழே கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

பேனா கட்டத்தில் நிற்கவில்லை. கோடு மேலே ஏறி, பெயர் எழுதியிருந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

"பரவாயில்ல சார். வேற தாள் தர்றேன். பழைய கையெழுத்து மாதிரியே போடுங்க."

இரண்டாவது தாளிலும் அப்படியே. அதிகாரி போன வருஷத்துத் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தையும் பார்த்தார். பழைய தாளில் ஒட்டியிருந்த படத்தில் இருந்த கன்னம் எதிரில் இல்லை.

"சார், உங்க பிறந்த தேதி சொல்ல முடியுமா?"

ழான் மேஜையைக் கையால் அறைந்தார். பிரெஞ்சில் ஏதோ கத்தினார். பாதி வார்த்தைகள் வாய்க்குள்ளேயே உருண்டன. தேதி மட்டும் வரவில்லை. யாரையோ பட்டாளத்துக் கேப்டன் என்று நினைத்து 'என் கப்பித்தேன்' என்று கூப்பிட்டார்.  அப்புறம் பின்வரிசையில் ஒருத்தர் சிரித்தார்.

"காலையிலயே ஏத்திட்டு வந்துட்டாரு போல."

வெளியூர்க்காரர்களே பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. இங்கே ஒரு மனிதன் தள்ளாடினால் வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மாதா கோயிலில் முழங்கால் போட்டுக் குடியை விட்டவர் ழான். அன்றிலிருந்து நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. அந்தச் சிரிப்பு மத்லேனின் காதில் விழுந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. புருஷனுக்கு என்ன ஆகிறது என்பதைவிட, இவரை இங்கிருந்து எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதை அவள் பின்னால் பல தடவை நினைத்துப் பார்க்கப்போகிறாள்.

சுப்ராயன் என்கிற பழைய சொல்தா, ழானோடு ஒரே வருஷத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். டீக்காரரிடமிருந்து ஒரு கிளாஸை வாங்கி வந்தார்.

"இந்தாம்மா, மொதல்ல இதக் குடுங்க. மொகமே சரியில்ல."

"சீனி போட்டிருக்கும். அவங்களுக்கு ஆகாதுங்க."

ழான் டீயைப் பார்த்தார். கையை நீட்டினார். குழந்தை பாலுக்கு நீட்டுவதைப்போல, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். மத்லேன் கிளாஸை எட்ட நகர்த்தி வைத்தாள்.

"பதினேழு நாள் இருந்துட்டீங்க. இப்ப கெடுத்துக்காதீங்க" என்றாள் மெதுவாக, அவர் காதோடு.

அவர் கை மேஜையின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது.

* * *

சுப்ராயனும் இன்னொருத்தரும் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். காஜா மைதீன் திரும்பிப் பார்த்தான்.

"என்னம்மா, ஐயாவுக்கு?"

"வீட்டுக்குப் போப்பா. களைப்பு. உடம்பு பழகுது."

"எதுக்குப் பழகுது?"

அவன் இறங்கி வந்து ழானின் முகத்தருகே குனிந்தான். மோந்து பார்த்தான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"வாசனை எதுவும் இல்ல. பச்சத் தண்ணியா வேர்த்திருக்கு. அம்மா, இவங்களுக்குச் சக்கரைதானே? எங்க அம்மாவுக்கு நோம்பு நேரத்துல இப்படித்தான் வந்துச்சு. சக்கர எறங்கிடுச்சும்மா."

"எறங்கணும்னுதானேப்பா இத்தனையும் செய்யிறோம்" என்றாள் மத்லேன்.

 காஜா மைதீன் எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு ஆரஞ்சுக் கலர் பாட்டிலை உடைத்து வாங்கி வந்தான். மத்லேன் அவன் கையைப் பிடித்தாள். "வேணாம்ப்பா, டாக்டர் திட்டுவாரு" என்றாள். அவன் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, ழானின் தலையை நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டான். பாதி கோட்டின் மேல் வழிந்தது. தொண்டை அசைந்தது. ஒரு மடக்கு இறங்கியது. அடுத்த மடக்கு இறங்கியது.

அப்புறம்தான் அவன் வண்டியை எடுத்தான். மழையில் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனான். மத்லேன் வழியெல்லாம் ஜெபமாலையைத் தேடினாள். அது வீட்டிலேயே இருந்தது.

* * *

"நாப்பத்தொண்ணு" என்றார் டாக்டர் தெட்சிணாமூர்த்தி. "கலர் குடிச்சதுக்கு அப்புறம் நாப்பத்தொண்ணு. அதுக்கு முன்னால எவ்வளவு இருந்துச்சோ."

ழானின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்த முகம் திரும்பியிருந்தது.

"காலைல என்ன சாப்ட்டாரு?"

மத்லேன் சொன்னாள்.

"மத்தியானம் சோறு எவ்வளவு?"

"சோறு இல்லங்க டாக்டர்."

"கொஞ்சங்கூட இல்லையா? இட்லி?"

"அதுவும் அரிசிதானே."

"சப்பாத்தி, ரொட்டி?"

"அதெல்லாம் கொம்ப்ளேங்க" என்றாள், வாய் தவறி.

டாக்டருக்கு அந்த வார்த்தை புரியவில்லை, புரிந்தவரை போதுமாக இருந்தது. பேனாவை மூடினார்.

"நான் மாத்திரையக் கூட்டி எழுதினதே, நீங்க சோறு சாப்புடுவீங்கன்னுதான். அளவாச் சாப்புடச் சொன்னேனே தவிர அடியோட நிறுத்தவா சொன்னேன்? மாத்திரையையும் போட்டுக்கிட்டு, சோத்தையும் நிறுத்திட்டா, சக்கரைக்கு எங்கம்மா போகும் உடம்பு?"

"தலைவலி, வயிறு ஊதுறது எல்லாம் வரும், பழகிடும்னு..."

"வயிறு ஊதினது பழகுறதுதான். கண் மங்கினதுகூட அதுதான், சக்கர எறங்குறப்ப வரும். ஆறு வாரம் பொறுங்க, அதுக்குள்ள புதுக் கண்ணாடி வாங்கிடாதீங்க. ஆனா வேர்த்துக் கொட்டுறதும் கை நடுங்குறதும் பழகுறது இல்லம்மா. உடம்பு உங்களக் கூப்புடுது. நீங்க காதுல வாங்கல. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா என்னாலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

மத்லேன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"என் மக" என்றார் ழான்.

டாக்டர் வெளியே போனார்.  ழான் பேச ஆரம்பித்தபோது குரல் தெளிவாக இருந்தது. அதுதான் மத்லேனுக்குத் தாங்கவில்லை.

"ஊர் முன்னால குடிகாரன்னு சிரிச்சாங்க. கேட்டுச்சு எனக்கு. பேச வரல, காது கேட்டுச்சு."

"விடுங்க."

"ஒன்பது வருஷங் கழிச்சு அப்பன் மேல அக்கறை வந்துடுச்சுன்னு நெனச்சேன். அவ எழுதின புல்லையும் பூண்டையும் தின்னுக்கிட்டு வாயத் தொறக்காம கெடந்தேன். ஆஸ்பத்திரியில வேல பாக்குற பொண்ணு, தெரியாமலா எழுதியிருப்பா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. பெத்த பொண்ணுங்க அவ."

"இனிமே எழுத வேணாம்னு சொல்லிடு. போனும் வேணாம்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

* * *

மூன்று மணிக்கு மாற்று உடையும் பிளாஸ்கும் எடுக்க மத்லேன் வீட்டுக்கு வந்தாள். காலையில் மிச்சம் வைத்த பயறுக் கிண்ணம் மேஜையில் அப்படியே இருந்தது. அரிசிப் பானையை அலமாரியிலிருந்து இறக்கி, கஞ்சிக்கு ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பில் போட்டாள். கொதிக்கிற வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கதவின் பின்னால் இருந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள் மேல் கோபப்பட முடியுமா என்று பார்த்தாள். வரவில்லை. பட்டியலை மறுபடி படித்தாள்.

சோறு: கொம்ப்ளே. ரொட்டி: கொம்ப்ளே. சீனி: வேண்டாம்.

மூன்றாவது வார்த்தையில் கண் நின்றது. வேண்டாம். இந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று எழுதத் தெரிகிறது. சீனிக்கு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். அப்படியானால் சோற்றுக்கு ஏன் வேண்டாம் என்று எழுதவில்லை?

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. மத்லேன் அதைத் துடைக்கவில்லை. கடிதத்தைக் கதவிலிருந்து பிய்த்தாள். ஒரு மூலை கதவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ழான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுப்ராயன் வந்துவிட்டுப் போயிருந்தார். அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம், கையெழுத்துப் போட அடுத்த வாரம் புதுச்சேரிக்கே வர வேண்டுமாம். அதைச் சொல்லிவிட்டு ழான், "உசிரோட இருக்கேன்னு இன்னிக்கு என்னால எழுதிக் குடுக்க முடியல, பாத்தியா" என்றார்.

மத்லேன் கஞ்சியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். வெறும் உப்புக் கஞ்சி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"ஏங்க."

"ம்."

"கொம்ப்ளேன்னா என்னங்க?"

"ஏன், உனக்குத் தெரியாதா? துலோன்ல பஸ்ஸப் பாத்து நீதானே கத்துவ. எடமில்லன்னு அர்த்தம்."

"அது பஸ்ஸுக்கு. சாப்பாட்டுக்குச் சொன்னா?"

"என்ன சாப்பாடு?"

"ரொட்டி... ரொட்டி கொம்ப்ளேன்னா?"

அவர் ஸ்பூனை வைத்துவிட்டு யோசித்தார். முகத்தில் பழைய நாள் ஏதோ வந்து போனது.

"பட்டாளத்துல வயித்து வலிக்காரனுக்குக் குடுப்பானுவ. தவிட்டோட அரைச்ச மாவுல செஞ்ச ரொட்டி. கறுப்பா, கரடுமுரடா இருக்கும். அரிசிக்கும் அப்படித்தான் சொல்லுவான். தவிடு எடுக்காத முழு அரிசி. நம்ம ஊரு கைக்குத்தல் அரிசி மாதிரி." ஸ்பூனை மறுபடி எடுத்தார். "ஏன் கேக்குற?"

இடுப்பில் செருகியிருந்த கடிதம் மத்லேனைக் குத்தியது. இப்போது சொல்ல வேண்டும். உங்க மக தப்பா எழுதலங்க, நான்தான் தப்பாப் படிச்சேன், உங்க கையிலேர்ந்து டீயத் தள்ளி வெச்சதும் நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. 'உன் பிரெஞ்சு' என்று நாற்பது வருஷம் அவர் நாலு பேர் முன்னால் சிரித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக் கஞ்சி குடிக்கிற இந்த முகம், மகளைப் பார்த்த மாதிரி இனித் தன்னையும் பார்க்கும் என்று பயம் வந்தது.

"சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

ஐந்தரைக்கு அவளுடைய செல்போன் அடித்தது. அந்த நீளமான நம்பரைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அம்மா, நான்தான். ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுக்க முடியல, அதான் போட்டேன்" என்றாள் இனேஸ். மகளின் குரலில் இத்தனை சந்தோஷத்தை மத்லேன் கேட்டு எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது. "அப்பா சாப்புடுறாங்களா, நான் எழுதின மாதிரி?"



"சாப்புடுறாங்கம்மா. நீ எழுதின மாதிரியேதான்."

"எனக்குத் தெரியும்மா. நான் சொன்னத அப்பா கேக்குறாங்கன்னு நீங்க சொன்ன அன்னிக்கே நான் தூங்கல. டிக்கெட் எடுத்துட்டேன். சனிக்கெழம காலைல மெட்ராஸ், சாயங்காலம் வீடு. அப்பாகிட்ட சொல்லாதீங்க, நானே வந்து நிக்கிறேன். அஞ்சு கிலோ ரீ கொம்ப்ளே வாங்கி வெச்சிருக்கேன். அங்க நல்லதாக் கெடைக்குதோ என்னவோ."

"என்ன வாங்கியிருக்க?"

"ரீ கொம்ப்ளேம்மா. தவிட்டு அரிசி. பட்டியல்ல மொதல் வரியே அதுதானே."

மத்லேன் வராந்தாவின் கம்பி வழியாகக் கீழே பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் காஜா மைதீன் இன்னும் போகாமல் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா? கேக்குதா?"

"கேக்குதும்மா" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தாள்.

உள்ளே வந்தபோது ழான் கஞ்சியைக் குடித்து முடித்துத் தட்டை மடியில் வைத்திருந்தார். காலிச் சோற்றுத் தட்டோடு அவரைப் பார்த்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

"யாரு போன்ல?" என்று கேட்டார்.

"யாரோ. ராங் நம்பருங்க" என்றாள் மத்லேன்.

தட்டை வாங்கிக் கழுவினாள். சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.